வெருளியைப் பிய்த்தெறிந்த ஊர்

போன செமஸ்டர் சோதனை முடிந்த அன்றிரவு, ஹொஸ்டலில் ஆறு பேர் ஒரு லப்டொப்புக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு இருந்து ரொபர்ட் எகர்ஸின் 'நொஸ்ஃபெராட்டு' பார்த்தோம். 2024 டிசெம்பரில் வெளிவந்த படம். ஒளிப்பதிவு, உடை, ஒப்பனை, கலை இயக்கம் என்று நான்கு ஒஸ்கார் பரிந்துரைகள் வாங்கியது. படம் முடியவும் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இதின்ர முதல் படத்தை அழிக்கச் சொல்லிக் கோர்ட்டே சொன்னதாம், தெரியுமா?" எங்களுக்குத் தெரியாது. அடுத்த இரண்டு இரவும் பழைய படங்களோடு போனது. இந்தக் கட்டுரை அப்படித்தான் வந்தது.

கதை 1897 இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிரகுலா' நாவலில் தொடங்குகிறது. ஜேர்மனியில் பிரானா என்ற புதுப் படக் கம்பனி உரிமை வாங்காமலே அந்த நாவலைப் படமாக்கியது. இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ். டிரகுலாவுக்கு ஓர்லொக் என்று பெயர் மாற்றினார்கள், மினா எலன் ஆனாள், லண்டன் இருந்த இடத்தில் விஸ்போர்க் என்ற கற்பனை ஊர் வந்தது. ஆனால் படத்தின் தொடக்கத்தில் ஸ்டோக்கரின் பெயரையும் தாங்களே போட்டுவிட்டார்கள்! 1922 மார்ச் 4 ஆம் திகதி பேர்லின் விலங்கியல் பூங்காவின் மண்டபத்தில் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. ஸ்டோக்கர் 1912 இலேயே இறந்துவிட்டார். அவருடைய மனைவி ஃபுளோரன்ஸ் விடவில்லை, வழக்குப் போட்டார். கம்பனி வங்குரோத்தானது. காசு கிடைக்காது என்று தெரிந்ததும், பிரதிகளை அழிக்கவேண்டும் என்று கேட்டார். 1925 இல் நீதிமன்றமும் அப்படியே உத்தரவிட்டது. ஆனால் அதற்குள் சில பிரதிகள் வெளிநாடுகளுக்குப் போயிருந்தன. இன்றைக்கு நாங்கள் பார்ப்பது அப்படித் தப்பியவற்றிலிருந்து சீராக்கியெடுத்த படம்.

களவாக எடுத்த படம் எண்டாலும் வெறும் நகல் இல்லை. நாவலில் டிரகுலா பகலிலும் நடமாடுவான். சூரிய ஒளி பட்டால் இரத்தக்காட்டேரி அழிந்துபோகும் என்று இப்ப சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விசயம் இந்தப் படம் தந்தது. இன்னொன்று, கொள்ளைநோய். ஓர்லொக் வரும் கப்பலில் மாலுமிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பெட்டிகளுக்குள் இருந்து எலிகள் வருகின்றன. பிறகு ஊர்க் கதவுகளில் சோக்கால் சிலுவை அடையாளம் போடுகிறார்கள், தெருவால் சவப்பெட்டிகள் வரிசையாகப் போகின்றன. முதலாம் உலகப்போர் முடிந்து நான்கு வருசம்கூட ஆகவில்லை. 1918 இல் பரவிய இன்புளுவென்சா உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் ஆட்களைக் கொன்றிருந்தது. முர்னாவே போரில் விமானம் ஓட்டியவர். அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்குச் சவப்பெட்டி ஊர்வலம் கற்பனையாய் இருந்திருக்காது.

இங்கேதான் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஓர்லொக் கிழக்கே இருந்து வருகிற அந்நியன். வளைந்த மூக்கு, நீண்ட நகம், கூடவே எலிகள். வந்து ஊருக்குள் வீடு வாங்குகிறான். அன்றைய யூத வெறுப்புக் கேலிச்சித்திரங்களின் சாயல் இதில் இருப்பதாக ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். 1940 இல் நாஜிகள் எடுத்த 'நித்திய யூதன்' என்ற பிரசாரப் படம் யூதர்களையும் எலிக்கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. முர்னாவ் அப்படி நினைத்து எடுத்தார் என்று சொல்ல எங்களால் முடியாது. திரைக்கதை எழுதிய ஹென்ரிக் கலீன் யூதர். ஓர்லொக்குக்கு ஏவல் செய்யும் வீட்டுத் தரகர் நொக்காக நடித்த அலெக்சாண்டர் கிரனாக்கும் யூதர். ஒரு படிமம் எடுத்தவரின் மனதைத் தாண்டியும் வேலை செய்யும் என்பதை மட்டும் சொல்லலாம்.

ஆனால் அதே படத்தில், இதற்கு மறுபக்கம் மாதிரி ஒரு காட்சியும் இருக்கிறது. நோய்க்குக் காரணம் தெரியாத ஊர்ச்சனம் ஒரு பலிகடாவைத் தேடுகிறது. பைத்தியக்கார வைத்தியசாலையில் இருந்து தப்பிய நொக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள், அவன்தான் பேய் என்று. கல் எறிகிறார்கள், தெருத் தெருவாய்த் துரத்துகிறார்கள். வயலுக்குள் தூரத்தில் ஓர் உருவம் தெரிகிறது. எல்லாரும் பாய்ந்து விழுந்து அதைப் பிய்த்தெறிகிறார்கள். பார்த்தால் அது வெருளி! நொக் அப்பாவி ஒன்றும் இல்லை, வைத்தியசாலைக் காவலாளியைக் கொன்றுவிட்டுத்தான் ஓடுகிறான். ஆனால் நோயைக் கொண்டுவந்தவன் அவனல்ல. அவர்கள் வெருளியைப் பிய்க்கிற நேரத்தில் உண்மையான ஆபத்து வாங்கின வீட்டுக்குள் பேசாமல் இருக்கிறது.

முதலில் பார்த்தபோது நாங்கள் அந்த இடத்தில் சிரித்தோம். பிறகுதான் கிரனாக்கைப் பற்றித் தேடி வாசித்தோம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு கலீனும் கிரனாக்கும் ஜேர்மனியை விட்டு ஓடவேண்டி வந்தது. திரையில் கும்பல் துரத்திய மனிதனை, பதினொரு வருசத்தில் ஒரு நாடே துரத்தியது. அதுக்குப் பிறகு அந்தக் காட்சிக்கு எங்களால் சிரிக்க முடியவில்லை.

1979 இல் வேர்னர் ஹெர்சோக் இதே படத்தைத் திரும்ப எடுத்தார். கிளவுஸ் கின்ஸ்கி கவுண்டாக நடித்தார். ஹெர்சோக் நாஜிக் காலத்தைத் தாண்டி, முர்னாவின் காலத்துச் சினிமாவோடு தன் தலைமுறையைத் தொடுக்க நினைத்தவர். அவருடைய படத்தில் கும்பலே இல்லை. கொள்ளைநோயில் ஊர் கரைந்துபோகிறது, மிச்சமிருப்பவர்கள் சதுக்கத்தில் ஆடுகிறார்கள், எலிகளுக்கு நடுவே மேசை போட்டுச் சாப்பிடுகிறார்கள். கடைசியில் ஒருவரைக் கைதுசெய்யச் சொன்னால், கைதுசெய்யப் பொலிஸும் இல்லை.

எகர்ஸின் படம் எலனின் படம். 1922 இல் அவள் ஊருக்காகத் தன்னைக் கொடுக்கும் தூய பெண், அவ்வளவுதான். 2024 இல், சின்ன வயதில் தனிமையில் அவள் கூப்பிட்ட குரலுக்குத்தான் ஓர்லொக் விழித்துக்கொள்கிறான். அவளுக்கு வலிப்பு வந்தால் வைத்தியர் மயக்கமருந்து கொடுக்கிறார், இரவிலும் இடைக்கச்சு கட்டச் சொல்கிறார். அவள் சொல்வதை வீட்டில் யாரும் நம்புவதில்லை. லிலி-ரோஸ் டெப் அதை உடம்பாலேயே காட்டுகிறார். எங்களுக்கு, முக்கியமாக எங்களுக்குள் இருந்த பெண்களுக்கு, படத்தில் பிடித்ததே இதுதான். ஓர்லொக்கையும் பழைய கேலிச்சித்திர முகத்திலிருந்து விலக்கி, மீசை வைத்த, அழுகிப்போன பிரபுவாக மாற்றியிருக்கிறார்கள். அது நல்ல முடிவு. ஆனால் துரத்தும் கும்பல் இதிலும் இல்லை. வெருளியும் இல்லை. பயம் எலனின் உடம்புக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் ஆழமாகப் போக, தெருவில் சனம் என்ன செய்தது என்ற கேள்வி கைவிட்டுப் போய்விட்டது.

எங்களுக்கு அந்தக் கேள்விதான் கிட்ட இருக்கிறது. 2020 இல் கொவிட் வந்தபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஊரடங்கில் வீட்டுக்குள் இருக்க, "இந்த ஆக்களாலதான் பரவுது" என்று முஸ்லிம்களைச் சொல்லும் செய்திகள் போனுக்கு வந்துகொண்டே இருந்தன. இறந்தவர்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2021 பெப்ரவரி வரை இந்த நாட்டில் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளையும் பெற்றோரையும் அவர்களின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். அரசு செய்தது அரசின் கணக்கு. ஆனால் அந்தச் செய்திகளை ஃபோர்வேர்ட் பண்ணியவர்களில் எங்களில் சிலரும் இருந்தோம். கும்பலாக இருப்பது என்றால் என்னவென்று சொந்த இழப்புகளால் தெரிந்த சனம் நாங்கள். அப்படியிருந்தும் அனுப்பினோம்.

எகர்ஸின் படத்தைக் கட்டாயம் பாருங்கோ, இருட்டில், நல்ல ஹெட்போன் போட்டு. பிறகு 1922 படத்தையும் ஒருக்காப் பாருங்கோ, ஒன்றரை மணித்தியாலம்தான். நொக்கைத் துரத்தும் இடம் வந்தால் ஓர்லொக்கை விட்டுவிட்டு, ஓடிவரும் சனத்தின் முகங்களைக் கவனியுங்கோ. எல்லாம் சாதாரண முகங்கள்.