கல்லும் சி.ஆர்.பி.யும்

சிறுநீரகக் கல்லோடு ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி.யும் கூடியிருக்கிறதே என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் 1658-இல்தான் தொடங்குவேன்!

அந்த மார்ச் 26 அன்று லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற 25 வயது இளைஞருக்கு, மயக்க மருந்தே இல்லாமல், சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுத்தார்கள். பிழைத்தார். ஆண்டுதோறும் அந்நாளில் விருந்து வைப்பதாக உறுதி எடுத்துக்கொண்டார். உள்ளே கிருமி சேர்ந்திருக்கிறதா என்றறிய அன்று எந்த வழியும் இல்லை.

1930-இல் நியூயார்க் ராக்பெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு பொருளைக் கண்டார்கள். நோய் முற்றும்போது இருந்தது, குணமானதும் மறைந்தது. அதுதான் சி.ஆர்.பி.

தம்பி, வெறும் கல்லுக்கு அது பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது. மிக அதிகமாகி, குளிர்காய்ச்சலும் இருந்தால், அடைபட்ட சிறுநீரில் கிருமி புகுந்திருக்கலாம். வாழைத்தண்டுச் சாற்றை நம்பிக் காத்திருக்காதீர்கள். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.