எக்ஸ் கதிர்த் தொழிலும் தொடர்கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

புதிய அறிவொன்று தோன்றும்போது அதனைக் கையாளும் தொழிலொன்றும் உடன் தோன்றுகின்றது. ஆயின் அத்தொழிலுக்குரிய கல்வி உடன் தோன்றுவதில்லை. இவ்விடைவெளியில் மாந்தர் எத்துணை இழப்புக்கு உள்ளாகின்றனர் என்பதை எக்ஸ் கதிர்ப் படப்பிடிப்பின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் வில்கெல்ம் றொன்ட்ஜென் 1895 நவம்பர் 8ஆம் திகதி எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். சில மாதங்களுள் அவை ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவமனைகளை எட்டின. அவற்றைக் கையாண்டோர் மருத்துவர், புகைப்படக்காரர், மின்வினைஞர் எனப் பல திறத்தினர். அவர்களுக்குக் கற்பிப்பார் இலர். வரன்முறையான பாடநெறியும் இல்லை. கதிர்க்குழாயின் வலிமையை அறியத் தத்தம் கையையே அதன்முன் நீட்டிப் பார்த்தல் வழக்கமாயிருந்தது.

இதன் விளைவு கொடியது. தோமஸ் அல்வா எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி இரு கரங்களையும் இழந்து 1904இல் மறைந்தார். அவரது துன்பத்தைக் கண்ட எடிசன் எக்ஸ் கதிர் ஆய்வையே கைவிட்டார். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் 1896ஆம் ஆண்டிலேயே சத்திரசிகிச்சைக்கு எக்ஸ் கதிர்ப் படத்தைத் துணைக்கொண்ட மருத்துவர் ஜோன் ஹோல்-எட்வர்ட்ஸ் 1908இல் தமது இடக்கரத்தை இழந்தார். இவ்வாறு உயிர்நீத்த பல நாட்டவரின் பெயர்களைத் தாங்கிய நினைவுத்தூண் ஒன்று 1936இல் ஹம்பேர்க் நகரில் நிறுவப்பட்டது.

முறையான பயிற்சியின் தேவையை முதலாம் உலகப்போர் வெளிப்படுத்தியது. காயமுற்ற போர்வீரரின் உடலிற் புதைந்த குண்டுகளைக் கண்டறிய, எக்ஸ் கதிர்க் கருவி பொருத்திய ஊர்திகளை மேரி கியூரி பிரான்சியப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். இருமுறை நோபல் பரிசு பெற்றிருந்த அவர், இப்பணிக்காக உடற்கூற்றியலையும் ஊர்தி செலுத்துதலையும் புதிதாகக் கற்றுக்கொண்டமை ஈண்டு நோக்கற்பாலது. கருவிகள் இருந்தும் கையாள்வோர் போதாமையால், 1916இல் பெண்களுக்கான பயிற்சிக் கூடமொன்றை அவர் தொடங்கினார். மின்னியல், எக்ஸ் கதிரியல், உடற்கூற்றியல் ஆகியன அங்குக் கற்பிக்கப்பட்டன. ஏறத்தாழ 150 பெண்கள் அங்குப் பயின்று போர்க்கால மருத்துவமனைகளிற் பணியாற்றினர்.

போரின் பின் இத்தொழில் உறுதியான வடிவம் பெற்றது. 1920இல் பிரித்தானியாவில் எக்ஸ் கதிர்ப் படப்பிடிப்பாளர் சங்கம் உருவாயிற்று. 1921இல் அங்கு அமைந்த பாதுகாப்புக் குழு, நாளொன்றுக்கு ஏழு மணிநேரத்துக்கு மேற் பணி கூடாதெனவும் ஆண்டுக்கு ஒரு மாத விடுமுறை வேண்டுமெனவும் விதந்துரைத்தது. 1928இல் ஸ்ரொக்ஹோம் மாநாட்டிற் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு நிறுவப்பட்டது.

எனினும் சான்றிதழ் பெற்றதோடு கல்வி முடிவடைந்ததெனக் கருதுவதும் ஆபத்தானதே. கர்ப்பிணிகளின் வயிற்றை எக்ஸ் கதிர்ப் படமெடுப்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சாதாரண வழக்கமாயிருந்தது. அவ்வாறு படமெடுக்கப்பட்டோரின் பிள்ளைகளிடையே புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதை ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த அலிஸ் ஸ்ரூவாட் 1956இலும் 1958இலும் வெளியிட்டார். துறைசார் அறிஞர் பலர் அதனை ஐயுற்றனர். அம்முடிவு பரவலாக ஏற்கப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. டாலியின் காலத்தவர் கற்க வழியின்றித் தம் உடலை இழந்தனர். பின்வந்தோரோ கற்றதை மீளாய்வு செய்யத் தயங்கியமையாற் பிறருக்குத் தீங்கு நேர இடமளித்தனர். இரண்டாவது தவறே பெரிதெனலாம்.

1958இல் இயன் டொனால்டும் அவர்தம் குழுவினரும் வெளிப்படுத்திய மீயொலிப் படமும், 1971இல் கொட்பிரி ஹவுன்ஸ்பீல்டின் கருவியால் முதன்முதலாக நோயாளியிடம் எடுக்கப்பட்ட கணினித் தளப்படமும் இத்தொழிலையே மாற்றியமைத்தன. எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பை மட்டும் நோக்கிப் பழகியவர், மூளையின் குறுக்குவெட்டைப் படித்தறிய மீண்டும் மாணவராக வேண்டியதாயிற்று. 2000ஆம் ஆண்டின் பிரித்தானிய ஒழுங்குவிதிகள், தகைமை பெற்ற பின்னரும் ஊழியர் தொடர்ந்து கற்பதை உறுதிசெய்தல் தொழில்வழங்குநரின் கடமையென விதித்தன. றொன்ட்ஜெனின் கண்டுபிடிப்புக்கும் அவ்விதிக்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்துள்ளது. தொடர்கல்வி என்பது பதவியுயர்வுக்கான வழி மட்டுமன்று, நோயாளிக்கு ஆற்றவேண்டிய கடமையுமாகும் என்பதே அந்நூறாண்டு வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.