திடலும் அதைச் சுற்றிய ஊரும்

நம் செடெனாக் வட்டாரத் தோட்டக் குடும்பங்களில் சிங்கப்பூர்த் தேக்காவை அறியாதவர் குறைவு. சேலையும் மளிகைச் சாமானும் வாங்க நாம் தேடிப் போகும் இடம் அது. அங்கிருந்து சிராங்கூன் சாலை வழியே சிறிது நடந்தால் ஃபேரர் பார்க் வரும். அந்தத் திடலையும் அதைச் சுற்றி வளர்ந்த ஊரையும் பற்றி இன்று பார்ப்போம்.

1842இல் வெள்ளைக்கார வணிகர்கள் குதிரைப் பந்தயக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்களுடைய பந்தயத் திடலே அது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் அதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பந்தயம் துரைமார்களின் பொழுதுபோக்கு. திடலுக்கு வெளியே நடந்ததோ உழைப்பு. தண்ணீரும் புல்லும் நிறைந்த சதுப்பு நிலமாதலால் அங்கே மாட்டு வணிகம் பெருகியது. மலாய் மொழியில் அவ்விடத்துக்குக் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம் என்று பெயர். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றார்கள். 1855இல் அங்கே பெருமாள் கோயில் எழுந்தது. தைப்பூசக் காவடிகள் இன்றும் அக்கோயிலிலிருந்தே புறப்படுகின்றன.

1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறியது. பழைய இடம் பொதுமக்களின் விளையாட்டுத் திடலாயிற்று. நகராட்சித் தலைவராக இருந்த ஃபேரர் என்ற ஆங்கிலேயரின் பெயர் அதற்கு நிலைத்தது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 17ஆம் நாள், சரணடைந்த இந்தியப் படைவீரர்கள் பல்லாயிரவர் இத்திடலில் திரட்டப்பட்டனர். இந்திய விடுதலைக்குப் போரிட வாருங்கள் என்று கேப்டன் மோகன் சிங் அழைத்தார். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கே தொடங்கியது. பலர் சேர்ந்தனர். சேர மறுத்தவர்களும் உண்டு. அவர்களுள் பலர் நியூ கினிக்கு வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டனர். 1943இல் நேதாஜி வந்தபின் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களும் அப்படையில் சேர்ந்தார்கள். நம் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள்.

நேயர்களே, திடலின் பெயர்ப் பலகையில் இருப்பது ஒருவர் பெயர். மாடு மேய்த்தவர், சுண்ணாம்பு சுட்டவர் பெயர்கள் அங்கே இல்லை. ஆனாலும் மக்கள் வாயில் வழங்கிய இடப்பெயர்கள் அவர்களுடைய உழைப்பை மறக்கவிடவில்லை.

நம் செடெனாக்கிலும் இன்று ஒரு 'பூங்கா' உருவாகி வருகிறது. செம்பனை நின்ற நிலத்தில் எழும் தொழில்நுட்பப் பூங்கா அது. நம் பிள்ளைகளுக்கு அதில் வேலை கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் அந்த மண்ணில் முன்பு யார் உழைத்தார்கள் என்பதை எந்தப் பலகை சொல்லும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். தோட்டத்தின் பழைய பெயர், லயம் இருந்த இடம், கோயில் கட்டியவர்கள், ஆற்றுக்கும் மேட்டுக்கும் வழங்கிய பெயர்கள் ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். அதுவும் சரித்திரமே. எழுதி வைக்காவிட்டால் மரத்தோடு அதுவும் போய்விடும்.