தோல் நோயும் தாம்பத்தியமும்: ஃபிக்ஹ், சட்டம், மருத்துவம்

நிக்காஹ் பேச்சு ஏறக்குறைய முடிந்திருக்கும். பெண்ணின் முழங்கையில் வெள்ளைத் திட்டு இருக்கிறது என்று யாரோ சொல்வார்கள். பேச்சு அத்தோடு நின்றுபோகும். நிக்காஹ் முடிந்த பிறகு தெரியவந்தால், "ஹஜ்ரத், முறித்துவிடலாமா?" என்று கேட்டு வருவார்கள். கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் இது அபூர்வமான கேள்வி அல்ல. ஆனால் கேட்பவர், அது என்ன நோய் என்று முதலில் விசாரித்திருக்கமாட்டார்.

ஃபிக்ஹ் நூல்களில் இதற்குத் தனிப் பாடமே உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் ஜுதாம் எனும் தொழுநோயும் பரஸ் எனும் வெண்புள்ளியும், கணவன் மனைவி இருவருக்குமே நிக்காஹை ரத்துச் செய்யும் உரிமை தரும் குறைகள். முன்பே தெரிந்து சம்மதித்தவருக்கு அந்த உரிமை இல்லை. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபாவும் இமாம் அபூயூசுஃபும் (ரஹ்) இந்த உரிமையை ஏற்கவில்லை. இமாம் முஹம்மத் (ரஹ்), கணவனுக்கு இந்நோய் இருந்தால் மனைவி பிரியலாம் என்றார்கள். அனுமதித்தவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள் இரண்டு: அருவருப்பு நெருக்கத்தைக் கெடுக்கும், நோய் துணைக்கும் பிள்ளைக்கும் தொற்றிவிடும் என்ற அச்சம்.

இந்தியாவின் 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம், கணவனின் தொழுநோயை மனைவி விலகக் காரணமாக வைத்திருந்தது. 80 ஆண்டுகளுக்குப் பின், 2019-இல் தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டம் அதை நீக்கியது. இந்து, கிறிஸ்தவத் திருமணச் சட்டங்களிலிருந்தும் அது நீங்கியது. இதை 2015-லேயே சட்ட ஆணையம் தன் 256-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது.

காரணம், மருத்துவம் மாறிவிட்டது. 1982 முதல் உள்ள கூட்டுமருந்து சிகிச்சை 6 அல்லது 12 மாதத்தில் தொழுநோயைக் குணப்படுத்துகிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அது பிறருக்குப் பரவாது. நமக்குப் பக்கத்தில் வேலூர் மாவட்டம் கரிகிரியில் 1955 முதல் இதற்கென ஒரு நிறுவனமே இயங்குகிறது. வெண்புள்ளியோ தொற்றுவதே இல்லை. நிறமி அணுக்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழிப்பதால் வருவது அது. 'வெண்குஷ்டம்' என்று பெயர் வைத்ததுதான் நாம் செய்த கொடுமை. சோரியாசிஸும் தொற்றாது. சொறி சிரங்கும் படர்தாமரையும் தொற்றும், ஆனால் தீர்ந்துவிடக்கூடியவை. சொறி சிரங்குக்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து போடவேண்டும்.

தொற்று இல்லை என்றானபின்னும் அருவருப்பு மிச்சமிருக்கிறது. அது பெரும்பாலும் நோயாளியின் மனத்திலேயே தொடங்குகிறது. படுக்கையில் உதிர்ந்த செதிலைத் துணைவர் பார்க்குமுன் உதறுவார். விளக்கை அணைக்கச் சொல்வார். இரவில் கூடும் அரிப்பால் தள்ளிப் படுப்பார். துணைவரோ, 'என்னைப் பிடிக்கவில்லை' என்று எடுத்துக்கொள்வார். நோயைவிட இந்த மௌனம்தான் வீட்டைப் பிரிக்கிறது என்பது என் கருத்து.

சோரியாசிஸ் மறைவிடங்களிலும் வரும். உராய்வு அதைத் தூண்டும். வெட்கத்தால் மருத்துவரிடம் காட்டாமல், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைத் தடவுகிறார்கள். அங்குள்ள மெல்லிய தோல் இன்னும் மெலிந்துபோகிறது. சிகிச்சையின் தேவைக்காக மருத்துவரிடம் அவ்ரத்தைக் காட்ட ஷரீஅத்தில் அனுமதி உண்டு.

குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதி ஒன்றை மறக்கக் கூடாது. சோரியாசிஸுக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட், அசிட்ரெடின் இரண்டும் கருவைப் பாதிப்பவை. அசிட்ரெடினை நிறுத்திய பிறகும் பெண் 3 ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது. கணவன் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார் என்றாலும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.