காப்பு வால்வு: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞானத்தின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே நமது பாடநூல்கள் எழுதி வந்துள்ளன. நீராவி என்றால் ஜேம்ஸ் வாட். புகைவண்டி என்றால் ஜோர்ஜ் ஸ்டீவன்சன். கேத்தலின் மூடி துள்ளுவதைக் கண்டு வியந்த சிறுவனின் கட்டுக்கதையை மாணவர் தலைமுறை தலைமுறையாக மனனஞ் செய்து வந்திருக்கின்றனர். அந்த மூடி துள்ளாதவாறு இறுக்கி வைத்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்ற வினாவை மட்டும் அப்பாடநூல்கள் எழுப்புவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆலைகளிலும் ஆற்றுக் கப்பல்களிலும் உழைத்த பல்லாயிரவர் அதற்கான விடையைத் தம் உயிரைக் கொடுத்தே கண்டனர்.

இன்று மருத்துவமனையிலும் விடுதியிலும் உணவுச்சாலையிலும் ஒரு மூலையில் நிற்கும் வாயு வெந்நீர்க் கலன், அக்காலக் கொதிகலனின் இளைய உடன்பிறப்பே. அதனை எவ்வாறு பொருத்துவது, எவ்வாறு இயக்குவது என்பதற்குரிய விதிகளை வெறுந் தொழினுட்பக் குறிப்புகளாகக் கருதுவோர் உளர். அவ்விதிகளுட் பெரும்பாலானவை யாரோ சிலர் இறந்த பின்னர் எழுதப்பட்டவை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கொதிகலன் ஏன் வெடிக்கிறது? நெருப்பினால் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் வெடிப்பது நீர். வளிமண்டல அமுக்கத்தில் நீர் 100 பாகை சதமத்திற் கொதிக்கும். மூடிய கலத்திலே அமுக்கம் பத்து மடங்காகும்போது ஏறத்தாழ 180 பாகை வரையும் அது நீராகவே அடங்கிக் கிடக்கும். அந்நிலையிற் கலம் எங்கேனும் கிழியுமாயின் அமுக்கம் சட்டென வீழ்ந்துவிடும்; அடங்கிக் கிடந்த நீரில் ஒரு பகுதி நொடிப்பொழுதில் ஆவியாக மாறும். ஆவியோ தான் தோன்றிய நீரைப்போல ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை வேண்டுவது. சுவரும் கூரையும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

இந்த அபாயத்துக்கு மருந்து மிகப் பழையது. பிரெஞ்சு நாட்டில் பிறந்து இலண்டனிலே பணியாற்றிய தெனிஸ் பப்பென், எலும்பையும் மென்மையாக்கும் அமுக்கப் பாத்திரமொன்றை 1679 இல் உருவாக்கினார். 1681 இல் அவர் வெளியிட்ட விவரணத்திலே, பாத்திரத்தின் துளையொன்றை மூடும் சிறு அடைப்பானும் அதனை நெம்புகோலால் அழுத்தி நிற்கும் நிறையும் கூறப்பட்டுள்ளன. அமுக்கம் எல்லை மீறினால் நிறை தானே எழும், ஆவி வெளியேறும். காப்பு வால்வு என்பது இதுவே. வாட் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே மருந்து கையிலிருந்தது. அவ்வாறாயின் பின்வந்த இருநூறு ஆண்டுகளிலும் கொதிகலன்கள் ஓயாது வெடித்ததேன்? அறிவு போதாமையா, அன்றி அறிவைப் பயன்படுத்தும் கடமை எவர்மீதும் சுமத்தப்படாமையா? இரண்டும் உண்மை என்பதே நேர்மையான விடை. ஆயினும் இரண்டும் ஒரே அளவிற்கு உண்மையல்ல.

வாட் தம் வாழ்நாள் முழுவதும் உயர்ந்த அமுக்கத்தை அஞ்சி ஒதுக்கியவர். அவருடைய காப்புரிமை 1800 இல் முடிவுற்றதும் கோர்ன்வால் சுரங்க நாட்டைச் சேர்ந்த ரிச்சாட் திரெவிதிக் உயரமுக்க எந்திரங்களைத் துணிந்து அமைத்தார். 1803 இல் கிறீனிச்சில் அவருடைய எந்திரமொன்று வெடித்து நால்வர் இறந்தனர். நிகழ்ந்தது யாதெனில், எந்திரத்தைக் கவனிக்க வைக்கப்பட்டவன் ஒரு சிறுவன். அவன் விலாங்கு பிடிப்பதற்காகப் போகும்போது பொறுப்பை அங்கு நின்ற கூலியாள் ஒருவனிடம் விட்டுச் சென்றான். கூலியாள் எந்திரத்தை நிறுத்தினான். காப்பு வால்வை இறுக்கியிருந்த ஆப்பை எடுக்கவேண்டுமென்பது அவனுக்குத் தெரியாது. வாட்டின் கம்பனியார் இந்நிகழ்ச்சியைத் தம் போட்டியாளருக்கு எதிரான பிரசாரமாக்கினர். திரெவிதிக்கோ வேறு பாடம் கற்றார். பின்னர் அமைத்த கொதிகலன்களில் ஒன்றுக்கு இரண்டாகக் காப்பு வால்வுகளைப் பொருத்த முற்பட்டார். நீர்மட்டம் தாழ்ந்தால் உருகி வழிவிடும் ஈயச் செருகியையும் தகட்டிற் பதித்தார். ஒரு பொறியியலறிஞர் செய்யத்தக்கதை அவர் செய்தார். குறைந்த கூலிக்குக் கிடைக்கிறான் என்பதற்காகச் சிறுவனிடம் கொதிகலனை ஒப்படைக்கும் வழக்கத்தை ஈயச் செருகியினால் உருக்கிவிட முடியவில்லை.

அத்திலாந்திக்கின் மறுகரையில் இக்கதை மேலும் கொடியது. மிசிசிப்பி, ஒகாயோ ஆறுகளில் ஓடிய நீராவிக் கப்பல்கள் வேகத்தாற் பிழைத்தவை. வேகம் என்பது அமுக்கம். கொதிகலன் வெடிக்கும்போதெல்லாம் விநோதமான விளக்கங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்று, செந்தணலாய்ச் சிவந்த தகட்டிலே ஆவி பிரிந்து ஐதரசன் தோன்றி அதுவே வெடிக்கிறது என்பது. இத்தகைய கொள்கை கப்பல் உடைமையாளருக்கு எவ்வளவு வாய்ப்பானது! இயற்கையின் மருமமே காரணம் என்றால் எவரும் குற்றவாளியல்லர். பிலதெல்பியாவின் பிராங்கிளின் நிறுவனம் 1830 இலிருந்து அரசாங்கப் பணத்தைக் கொண்டு இதனை ஆராய்ந்தது. அமெரிக்க மத்திய அரசாங்கம் விஞ்ஞான ஆராய்ச்சிக்கு அளித்த முதல் நன்கொடை அதுவே எனக் கூறுவர். அலெக்சாந்தர் தலாஸ் பாச் தலைமையில் நடந்த சோதனைகள் ஐதரசன் கொள்கையைப் பொய்ப்பித்தன. நீர் குறைதல், தகடு பலவீனமாதல், அமுக்கம் மிகுதல், கவனமின்மை ஆகிய சாதாரணக் காரணங்களே எஞ்சின.

1838 இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. கொதிகலன் வெடித்தால் அதுவே கவனக்குறைவுக்கு முதற்சான்று எனக் கொள்ளப்படும் என்ற வாசகம் அதிலே உண்டு. அக்காலத்துக்கு அஃது ஒரு புரட்சி. ஆனால் அதே சட்டத்தின்படி பரிசோதகருக்குரிய ஐந்து டொலரைக் கொடுப்பவர் கப்பலின் உடைமையாளரே! கையில் ஐந்து டொலர் தருபவரிடம் குற்றங் காண்பது எத்துணை கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை. சட்டம் பயனற்றுப் போயிற்று. 1852 இல் இயற்றப்பட்ட இரண்டாவது சட்டமே அரசாங்கப் பரிசோதகரையும், நீரமுக்கச் சோதனையையும், எந்திரம் இயக்குவோருக்கு அனுமதிப்பத்திரத்தையும் ஏற்படுத்தியது.

அதன் பின்னரும் 'சுல்தானா' வெடித்தது. 1865 ஏப்பிரில் 27 ஆம் திகதி அதிகாலை, மெம்பிஸ் நகருக்குச் சற்று வடக்கே மிசிசிப்பி ஆற்றில் இக்கப்பல் அழிந்தபோது அதில் ஏறத்தாழ 2,100 பேர் இருந்தனர். அனுமதிக்கப்பட்ட தொகையோ 376. பயணிகளிற் பெரும்பாலோர் உள்நாட்டுப் போரிலே சிறைப்பட்டு விடுதலையாகி வீடு திரும்பிய வடநாட்டுப் படைவீரர். ஏற்றிச் செல்லும் போர்வீரரின் தலைக்கு இவ்வளவு என அரசாங்கம் பணம் கொடுத்தது. விக்ஸ்பேர்க் துறையிலே கொதிகலன் ஒன்றிற் கசிவு காணப்பட்டது. முறையாகத் திருத்த வேண்டுமெனக் கூறிய வினைஞரைக் கப்பற்றலைவர் இணங்கவைத்து, மெல்லிய தகடொன்றை ஒட்டுப்போட்டுப் புறப்பட்டார். நாட்கள் கடந்தால் போர்வீரர் வேறு கப்பலில் ஏறிவிடுவர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1,800 என்று கூறும் நூல்களும் உள. கொதிகலனில் ஒட்டிய தகடு மட்டுந்தான் காரணமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அந்தப் பணத்துக்கும் அந்த ஒட்டுக்குமுள்ள உறவில் ஐயமில்லை.

இங்கிலாந்திலே நிலைமை வேறு விதமாக வளர்ந்தது. பருத்தி ஆலைகள் நிறைந்த மாஞ்செஸ்ரரில் பொறியியலாளர் வில்லியம் பெயர்பேண் முதலியோரின் முயற்சியால் 1854 இல் கொதிகலன் வெடிப்பைத் தடுக்கும் சங்கமொன்று தோன்றியது. விரும்பிய ஆலையுடைமையாளர் சந்தா செலுத்தினால் அதன் பரிசோதகர் வந்து பார்ப்பர். விரும்பாதவரை எவரும் வற்புறுத்துவதில்லை. வெடித்த இடங்களில் மரண விசாரணை நடைபெறும்; 'விபத்து மரணம்' என்று யூரர் தீர்ப்பளிப்பர்; அத்துடன் முடிந்தது. 1882 இற் கொணரப்பட்ட கொதிகலன் வெடிப்புச் சட்டம்கூட வெடித்த பின்னர் விசாரணை நடத்துவதற்கே வழிசெய்தது. வெடிக்குமுன் பார்க்க வேண்டும் என்ற எளிய உண்மை தொழிற்சாலைச் சட்டத்தில் ஏற 1901 வரை காத்திருக்க நேர்ந்தது. காப்பு வால்வு, அமுக்கமானி, நீர்மட்டங் காட்டும் கருவி என்பன ஒவ்வொரு கொதிகலனுக்கும் வேண்டும், பதினான்கு மாதங்களுக்கு ஒருமுறையேனும் தகுதியுடையவர் சோதிக்க வேண்டும் என அச்சட்டம் விதித்தது. பப்பெனின் நெம்புகோலுக்கும் இச்சட்டத்துக்குமிடையே 220 ஆண்டுகள். இலங்கையின் 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டத்திற் கொதிகலன் பற்றி வரும் பிரிவுகளும் இந்த ஆங்கில மரபின் வழிவந்தவையே.

அறியாமைக்கு உரிய பங்கையும் மறுத்தலாகாது. 1905 மார்ச் 20 ஆம் திகதி காலை மசாச்சூசெற்ஸ் மாநிலத்தின் புறொக்ரன் நகரிலிருந்த குறோவர் சப்பாத்துத் தொழிற்சாலையிற் பழைய கொதிகலன் வெடித்தது. அன்று அதனை உதவிக் கலனாகவே இயக்கியிருந்தனர். நான்கு மாடி மரக்கட்டடம் சரிந்து தீப்பற்றியது. 58 பேர் மாண்டனர். அவர்களுள் 36 பேரை அடையாளங் காணவே இயலாது ஒரே இடத்தில் அடக்கஞ் செய்தனர். பழங்காலக் கொதிகலன்களில் ஒரு தகட்டின் விளிம்பை மற்றொன்றின்மேல் ஏற்றித் தறையாணி அடிப்பர். இவ்வாறு செய்த உருளை முழு வட்டமாக அமையாது. அமுக்கம் ஏறி இறங்குந்தோறும் மூட்டு சிறிது வளைந்து நிமிரும். பல ஆண்டுகளில் மேற்றகட்டின் மறைவிலே மயிரிழைபோன்ற வெடிப்பு வளரும். பரிசோதகர் சுத்தியலால் தட்டிப் பார்த்தாலும் அஃது அகப்படுவதரிது. இத்தகைய மூட்டே ஆகாது, விளிம்புகளை ஒட்ட வைத்து மேலும் கீழும் பட்டை அடிக்க வேண்டும் என்பதைப் பொறியியலாளர் உரத்துக் கூறினர். 1907 இல் மசாச்சூசெற்ஸ் கொதிகலன் விதிகளை வகுத்தது. அடுத்தடுத்து மாநிலங்கள் வெவ்வேறு விதிகளை ஆக்கவே, ஒரு மாநிலத்துக்குச் செய்த கொதிகலனை மற்றதில் விற்கமுடியாத நிலை வந்தது. உயிரின் பெயரால் அசையாத உற்பத்தியாளர் சந்தையின் பெயரால் அசைந்தனர். அமெரிக்க எந்திரப் பொறியியலாளர் சங்கம் 1911 இல் குழுவமைத்து, 1914 ஆம் ஆண்டுப் பதிப்பாகப் பொது விதித்தொகுதியை ஆக்கியது. உலகெங்கும் கொதிகலன் செய்வோர் இன்றும் அதன் வழிவந்த தொகுதியை எடுத்தாள்கின்றனர்.

வெந்நீர்க் கலனுக்கு வருவோம். 1868 இல் இலண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மோகன் வாயுச் சுடரால் நீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவியை அமைத்தார். அதற்குப் புகைபோக்கி இல்லை! எரிந்த வாயு குளியலறையிலேயே நிறைந்தது. போதிய காற்றின்றி வாயு எரியும்போது தோன்றும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, வெடியோசையின்றிக் கொல்லும். புகைபோக்கியும் புதுக்காற்று வரும் வழியும் அடைபடலாகாது என்ற முதல் விதி இதிலிருந்து எழுந்தது. உருளைகளில் வரும் பெற்றோலிய வாயு காற்றிலும் பாரமானது. கசிந்தால் தரையிலே தங்கும். எனவே சுடரேற்றுமுன் தரையருகே முகர்ந்து பார்த்தல் வேண்டும். சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பைப் பொறுமையிழந்து கட்டிவைப்பவன் கிறீனிச்சுக் கூலியாளைவிட அறிந்தவனாயினும் அவன் செய்ததையே செய்கிறான்.

யாவற்றினும் தலையாயது பப்பெனின் வால்வு. இக்காலக் கலனில் அது அமுக்கத்துக்கும் வெப்பநிலைக்கும் ஒருங்கே திறப்பது. வழக்கமாகச் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் அமுக்கத்தில் அல்லது 99 பாகை வெப்பத்தில். வெப்பத்தை உணரும் கோல் கலனின் மேற்பகுதி நீரில் அமிழ்ந்திருத்தல் வேண்டும். வால்விலிருந்து வரும் குழாய் அதன் வாயைவிடச் சிறுக்கலாகாது. இடையில் எந்த அடைப்பானும் கூடாது. தரையருகே திறந்த வாயுடன் முடிதல் வேண்டும். குளிர்நீர் வரும் வழியில் நீர் திரும்பாது தடுக்கும் வால்வு இருப்பின், சூடேறி விரியும் நீருக்குப் போக்கிடமின்றி இக்குழாய் சொட்டத் தொடங்கும். விரிவுக்கென ஒரு சிறு தொட்டி பொருத்தினால் சொட்டு நிற்கும். தொட்டிக்குப் பணம் வேண்டும்; குழாயின் வாயை அடைக்க ஒரு செருகி போதும். கட்டடங்களில் எது நடைபெறுகிறது என்பதைக் குழாய் வேலை செய்வோரைக் கேட்டால் அறியலாம். வால்வின் சிறு நெம்புகோலை இடையிடையே உயர்த்திச் சோதிக்கும்படி விதி கூறுகிறது. உயர்த்தினால் பழைய வால்வு மீண்டும் சரியாக மூடாது, புதிதாக வாங்க நேரும் என்ற அச்சத்தினாலேயே பலவிடங்களில் அதனைத் தொடாதிருக்கின்றனர். உப்புப் படிந்து இறுகிய வால்வு கலனின்மேல் அணியாக மட்டும் நிற்கும்.

1982 ஜனவரி 19 ஆம் திகதி ஒக்லகோமா மாநிலத்தின் ஸ்பென்சர் நகரிலுள்ள ஸ்ரார் ஆரம்பப் பாடசாலையில் மதிய உணவு நேரம். உணவுக்கூடத்தை அடுத்திருந்த வெந்நீர்க் கலன் வெடித்துச் சுவரைத் தகர்த்தது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு தவறியபோது அதற்கு அடுத்த அரணாக நிற்க வேண்டிய காப்பு வால்வும் தன் கடமையைச் செய்யவில்லை. ஆறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தனர். ஒக்லகோமாவின் கொதிகலன் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பின்னரே இயற்றப்பட்டது.