ஜமீன் ஏரி உடைந்தால் யார் பொறுப்பு?

ஏரி உடைஞ்சு அடுத்தவன் சொத்து நாசமானா யாரைக் கேட்பது? நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே இந்தக் கேள்வி லண்டன் வரைக்கும் போயிருக்கு.

கார்வேட்டிநகரம்னு ஒரு ஜமீன். திருத்தணிக்கு வடமேற்கே, இன்றைக்கு ஆந்திராவில் இருக்கிறது. அப்போது அது மெட்ராஸ் ராஜதானியின் வட ஆற்காடு மாவட்டம். ஒரு பெருவெள்ளத்தில் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து, மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதை சேதமானது. கம்பெனி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. மெட்ராஸ் ஹைகோர்ட்டில் தோற்று லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1874-ல் அங்கேயும் தோற்றது.

கம்பெனி நம்பிப் போனது இங்கிலாந்தின் ஒரு தீர்ப்பை. அங்கே ரைலண்ட்ஸ் என்பவர் தன் மில்லுக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் பழைய சுரங்கக் குழிகள் இருந்தன. அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, பக்கத்தில் பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தில் புகுந்துவிட்டது. உன் காரியத்துக்காக ஆபத்தான ஒன்றைத் தேக்கி வைத்தால், அது தப்பிப்போய்ச் செய்கிற சேதத்துக்கு நீயே பொறுப்பு, உன் மேல் கவனக்குறைவு இருக்கணும்னுகூட இல்லை என்று 1868-ல் தீர்ப்பானது.

நம்ம ஏரிக்கு இது பொருந்தாது என்றது பிரிவி கவுன்சில். மில்காரர் தன் லாபத்துக்குக் கட்டினார், வேண்டாம்னா மூடிவிடலாம். ஏரி அப்படியில்லை. காலங்காலமாக இருப்பது, ஏகப்பட்ட குடிகள் அதை நம்பிப் பயிர் வைக்கிறார்கள். ஜமீன்தார் நினைத்தாலும் அதைத் தூர்க்க முடியாது. பராமரித்து வைப்பது அவர் கடமை. அந்தக் கடமையில் அவர் கவனக்குறைவாக இருந்ததாக நிரூபணம் ஆகவில்லை. அதனால் அவர் தப்பினார்.

வக்கீல்களுக்கு இது விதிவிலக்கு பற்றிய தீர்ப்பு. எனக்கு இது மராமத்து பற்றிய தீர்ப்பு. ஏரி உன் பேரில் இருந்தாலும் அது ஊருக்கானது, கரையைக் காப்பது உன் வேலை, அதை ஒழுங்காகச் செய்திருந்தால்தான் உனக்கு மன்னிப்பு. நான் படித்துப் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

சும்மா நாலு ஏரி விஷயமும் இல்லை. பேர்ட் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் 1850-களில் எழுதிய கணக்குப்படி, மெட்ராஸ் ராஜதானியின் 14 மாவட்டங்களில் சுமார் 53,000 ஏரிகள். அதில் 10,000 அப்போதே பழுது.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் ஏரிகள் அரசாங்கத்துக்குப் போயின. 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைக்கு உட்பட்டவைக்கும்தான். நம்ம ஊர் ஏரிக்கரைகள் பெரும்பாலும் அந்த உயரம் வராது.

மண் கரைக்கு முதல் எதிரி, அதன் மேலே வழிகிற தண்ணீர். அதற்காகத்தான் முன்னோர் கோடி வைத்தார்கள். நிறைந்த ஏரியின் உபரித்தண்ணி வெளியேறும் வழி அது. தெற்கத்திக்காரர்கள் கலுங்கு என்பார்கள். கூடுதலாகத் தண்ணி நிற்கட்டும்னு கோடியில் மண்மூட்டை அடுக்கினாலும், கோடிக்கால்வாயை மறித்துச் சுவர் எழுப்பினாலும், ஏறுகிற தண்ணி கரைமேல்தான் போகும். மேல்மண்ணை அரித்துப் பள்ளம் போட்டுவிட்டால் பிறகு யாராலும் நிறுத்த முடியாது. அடுத்த எதிரி கரைக்குள்ளேயே இருக்கும்: எலி வளை, நண்டு வளை, மட்கிப்போன மர வேர், மதகை ஒட்டிய கசிவு. கசிகிற தண்ணி தெளிவாக வந்தால் கவனி. கலங்கலாக வந்தால் கரைமண் கரைகிறதுன்னு அர்த்தம், உடனே ஆளைக் கூப்பிடணும்.

பட்டணத்துக்காரங்களுக்கு ஒன்று சொல்லணும். ஏரி பக்கத்தில் மனை வாங்கப் போனால், பத்திரத்தை மட்டும் பார்க்காதீங்க. கோடி எங்கே இருக்கு, அந்தக் கால்வாய் எந்தப் பக்கம் போகுதுன்னு ஊரில் பெரியவர் யாரையாவது கேளுங்க. ஜமீன்தார் இப்போ இல்லை. கரை இருக்கு, கடமையும் இருக்கு. அது யார் தலையில் என்பதை வெள்ளம் வருவதற்கு முன்னாலேயே பேசி முடிச்சுக்கணும்.