ஆஸ்துமா முற்றினால்... கடைசிக் கட்டத்தில் என்ன மருந்து?

நீல நிற இன்ஹேலரை இழுத்துப் பார்த்தாச்சு. மூச்சுத்திணறல் குறையவே இல்லை. மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அடுத்து என்ன நடக்கும்?

முதலில் என்ன தருவார்கள்?

ஆக்சிஜன், நெபுலைசர் வழியாக சல்பியூட்டமோல், இப்ராட்ரோப்பியம். கூடவே ஸ்டீராய்டு. அது மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும். ஆனால் வேலைசெய்யச் சில மணிநேரம் ஆகும்.

அதற்கும் அடங்காவிட்டால்?

மெக்னீசியம் சல்ஃபேட். எப்சம் உப்பும் இதே பொருள்தான். அதற்காக வீட்டில் முயற்சி செய்யாதீங்க! பெரியவர்களுக்குப் பொதுவாக 2 கிராம் மருந்தைச் சுமார் 20 நிமிடங்களில் ரத்தநாளம் வழியாக ஏற்றுவார்கள். இறுகிய மூச்சுக்குழாய்த் தசைகள் தளரும். ரத்த அழுத்தம் குறையலாம் என்பதால் கண்காணிப்பு தேவை.

அமினோஃபிலின்?

முன்பு அதிகம் பயன்பட்டது. வாந்தி, சீரற்ற இதயத்துடிப்பு போன்ற பக்கவிளைவுகளால் இப்போது ஒதுக்கப்படுகிறது.

கெட்டமின் எதற்கு?

அது மயக்க மருந்து. மூச்சுக்குழாயையும் ஓரளவு விரிக்கும். நோயாளி களைத்துப்போய், தொண்டைக்குள் குழாய் செலுத்திச் செயற்கைச் சுவாசம் தரவேண்டிய நிலையில் பயன்படும்.

எப்போது உதவி கேட்பது?

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லையா? உதடு நீலமாகிறதா? இன்ஹேலர் பலன் தரவில்லையா? உடனே 995ஐ அழையுங்கள். மலேசியாவில் 999.

திணறல் நீடிக்கும்போது 'வீசிங்' சத்தம் மட்டும் நின்றால், சரியாகிடுச்சுன்னு நினைக்காதீங்க. காற்று உள்ளே போகாததாலும் சத்தம் நிற்கலாம்.

கடைசி மருந்துகள் இருக்கின்றன. அவை தேவைப்படும்வரை காத்திருக்க வேண்டாம்.